முதலாளி இல்லாதவர்களின் சங்கம்

1972-இன் தொடக்கத்தில் குஜராத் தொழிலாளர் துறையின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. அகமதாபாத்தில் துணி மூட்டை சுமக்கும் பெண்களும், கைவண்டி இழுப்பவர்களும், பழந்துணி விற்பவர்களும், கூடையில் காய்கறி வைத்து விற்பவர்களும் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அதிகாரிகளுக்கு இதை எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று தெரியவில்லை. இவர்களுக்கு முதலாளி யார்? யாரிடம் கூலி உயர்வு கேட்பார்கள்? வேலைநிறுத்தம் என்று வந்தால் யாருடைய கதவை அடைப்பார்கள்? முதலாளி இல்லாத இடத்தில் சங்கம் எதற்கு என்று பதிவை நிறுத்தி வைத்தார்கள்.

விண்ணப்பத்தின் பின்னால் நின்ற இளா பட் சட்டம் படித்தவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. சங்கம் என்பது யாரையாவது எதிர்ப்பதற்காக மட்டும் கூடுவதல்ல, தொழில் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பதற்காகவும் கூடலாம் என்பது அவருடைய வாதம். வாதம் சில மாதங்கள் நீண்டது. 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது. சுயதொழில் பெண்கள் சங்கம், சுருக்கமாக ‘சேவா’, அப்படித்தான் சட்டப்படி பிறந்தது.

தனி ஆளாகத் தொழில் நடத்துபவர்களைப் பற்றிப் பேசும்போது இன்று நம் மனதில் வருவது மடிக்கணினியும் வாடிக்கையாளர் பட்டியலும் வைத்திருக்கும் ஒருவர். ஆனால் இந்த நாட்டில் முதலும் உழைப்பும் நட்டமும் முழுக்கத் தன்னுடையதாகவே ஏற்றுத் தொழில் செய்தவர்களில் பெரும்பான்மையினர் தெருவில்தான் இருந்தார்கள். விடியற்காலையில் மொத்தச் சந்தையில் சரக்கு எடுத்து, பகலெல்லாம் விற்று, மிஞ்சியதை இரவில் எண்ணிப் பார்ப்பவர்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் மட்டுமல்ல, மறுநாள் சரக்கு எடுக்க வேண்டிய முதலும் போய்விடும். அத்தகையவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டு, தங்களுக்கான அமைப்பைத் தாங்களே கட்டிய கதை அகமதாபாத்துடையது. அதன் ஒரு கிளைக்கதை சென்னையிலும் நடந்தது.

அகமதாபாத் கூட்டாகச் செயல்படத் தெரியாத ஊர் அல்ல. இந்தியாவிலேயே வணிகச் சங்கங்கள் மிக வலுவாக வேர்விட்ட நகரங்களில் அது ஒன்று. ‘மகாஜன்’ என்று அழைக்கப்பட்ட வணிகர் அமைப்புகள் அங்கே விலையையும் விடுமுறை நாளையும் முடிவு செய்தன, தகராறுகளைத் தீர்த்தன, கட்டளையை மீறியவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாதென்று ஒதுக்கியும் வைத்தன. நகர வணிகர்களுக்குத் தலைவராக ‘நகர்சேட்’ இருந்தார். 1725-இல் மராட்டியப் படை ஊரைக் கொள்ளையிட இருந்தபோது நகர்சேட் குஷால்சந்த் தன் பணத்தைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார். அதற்கு நன்றியாக, சந்தையில் முத்திரையிடப்படும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நாலணா அவருக்கும் அவர் சந்ததிக்கும் சேரும் என்று வணிகர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

கைவினைஞர்களுக்கும் தனித்தனியாகப் பஞ்சாயத்துகள் இருந்தன. 1873-இல் நடந்த ஒரு சம்பவத்தை ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடு பதிவு செய்திருக்கிறது. கொத்தனார்கள் சிலர் தினமும் மூன்றணா கூடுதலாகக் கிடைக்கும் என்று அதிகாலையிலும் வேலை செய்யச் சம்மதித்தார்கள். பஞ்சாயத்து கூடியது. ஊரில் எல்லாருக்கும் வேலை இல்லாதபோது ஒருவர் மட்டும் கூடுதல் நேரம் உழைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. சக தொழிலாளியின் வயிற்றையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது. திறமையுள்ளவர் கூடுதலாகச் சம்பாதிக்க முடியாமல் கட்டிப்போட்டதும் அதே தீர்ப்புதான். பழைய சங்கங்களின் பலமும் பலவீனமும் ஒரே முடிச்சில் இருந்தன.

இந்த அமைப்புகளில் எதிலும் தலைச்சுமைப் பெண்ணுக்கு இடமில்லை. துணி வியாபாரிக்கு மகாஜன் உண்டு, கொத்தனாருக்குப் பஞ்சாயத்து உண்டு. ஆனால் துணியை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தூக்கிச் செல்பவளுக்குக் கூட்டத்தில் பெயரில்லை. பல நூற்றாண்டுச் சங்க மரபு உள்ள ஊரில் இது நடந்தது என்பதுதான் உறுத்துகிறது.

ஆலைகள் வந்தபின் புதிய சங்கம் வந்தது. 1918-இல் ஆலைத் தொழிலாளர் ஐம்பது சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் இருபதுக்கு மேல் தர மறுத்தார்கள். காந்தி தலைமையேற்றார், மூன்று நாள் உண்ணாவிரதமிருந்தார். தொழிலாளர்களின் பக்கம் நின்ற அனசூயா சாராபாயும், முதலாளிகளின் தரப்பை நடத்திய அம்பாலால் சாராபாயும் உடன்பிறந்தவர்கள். முப்பத்தைந்து சதவீதத்தில் விவகாரம் முடிந்தது. 1920-இல் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஊர்மக்கள் அதையும் ‘மஜூர் மகாஜன்’ என்றே அழைத்தார்கள். 1954-இல் அதில் ஒரு பெண்கள் பிரிவு தொடங்கப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் மனைவிக்குத் தையலும் பின்னலும் தட்டச்சும் கற்றுக் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பெண் ஏற்கெனவே சந்தையில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஆலை மூடல். 1968-இல் அகமதாபாத்தின் இரண்டு பெரிய ஆலைகள் மூடப்பட்டபோது, அதே ஆண்டில் பெண்கள் பிரிவின் பொறுப்பை ஏற்றிருந்த இளா பட், வேலையிழந்தவர்களின் வீடுகளுக்குச் சென்றார். ஆண்கள் ஆலை வாசலில் போராடிக்கொண்டிருக்க, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. காய்கறி விற்று, வீட்டில் தைத்து, குப்பையில் காகிதம் பொறுக்கி, பெண்கள் அதை எரிய வைத்திருந்தார்கள். அரசின் கணக்கெடுப்பிலோ அவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யாதவர்கள். 1971-இல் டெல் அவிவில் தொழிற்சங்கமும் கூட்டுறவும் பற்றிய பயிற்சிக்குச் சென்றபோது, இரண்டையும் ஒரே அமைப்புக்குள் வைத்து நடத்தலாம் என்பதை இளா பட் பார்த்தார். உரிமை கேட்பதற்குச் சங்கம், பிழைப்பை நடத்துவதற்குக் கூட்டுறவு. பின்னாளில் சேவா இந்த இரண்டு கால்களால்தான் நடந்தது.

1971-இல் துணிச் சந்தையில் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்த வெளியூர்ப் பெண்கள் சிலர் தங்க இடம் கேட்டு அவரைத் தேடி வந்தார்கள். அவர்கள் மூலம் தலைச்சுமைப் பெண்களின் நிலை தெரிய வந்தது. ஒரு நாளில் எத்தனை நடை சுமந்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. தூரமோ எடையோ பார்க்காமல் வியாபாரி கொடுத்ததுதான் கூலி. இளா பட் இதை உள்ளூர் செய்தித்தாளில் எழுதினார். வியாபாரிகள் கொதித்தார்கள். நாங்கள் நியாயமான கூலிதான் தருகிறோம், பெண்களை நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று அவர்களும் செய்தித்தாளில் மறுப்பு வெளியிட்டார்கள்.

அடுத்து நடந்தது மிகக் கூர்மையான காரியம். வியாபாரிகளின் மறுப்பைப் பெண்கள் பிரிவு அப்படியே அட்டைகளில் அச்சடித்து, தலைச்சுமைப் பெண்களிடம் கொடுத்துவிட்டது. கூலி குறையும்போது அட்டையை நீட்டினால் போதும். கொடுப்பதாகச் சொன்னது நீங்கள்தானே, இதோ அச்சில் இருக்கிறது. ஊர்வலம், முழக்கம் எதுவும் இல்லாமல், வியாபாரியின் சொல்லையே சாட்சியாக்கிய அந்த அட்டைதான் இந்த இயக்கத்தின் முதல் கருவி. அதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. அட்டை ஒருத்தியின் கையில் மட்டும் இருந்தால் வியாபாரி அவளை விரட்டிவிட்டு வேறொருத்தியைக் கூப்பிடலாம். எல்லார் கையிலும் ஒரே அட்டை இருந்தால் எவளை விரட்டுவது?

செய்தி பரவியது. பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கி, கிழிசல் தைத்து, துவைத்து, மடித்து விற்கும் பெண்கள் தங்கள் குறைகளோடு வந்தார்கள். பூங்கா ஒன்றில் கூட்டம் போட்டார்கள், நூறு பேருக்கு மேல் கூடினார்கள். அங்கே கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, நமக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சேவாவுக்கான யோசனை மேடையிலிருந்து கீழே இறங்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து மேலே வந்தது. 1971 டிசம்பரில் சங்கம் தொடங்கியது. நான்கு மாதம் கழித்துத்தான் அரசு அதை ஒப்புக்கொண்டது.

பேச ஆரம்பித்ததும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு வலி வெளிப்பட்டது. கடன். காலையில் ஐம்பது ரூபாய் வாங்கிச் சரக்கு எடுத்து, மாலையில் ஐம்பத்தைந்தாகத் திருப்பும் பழக்கம் அங்கே சாதாரணம். வண்டி தனக்கென்று இல்லாதவர் தினவாடகைக்கு இழுத்தார். பல ஆண்டு வாடகைப் பணத்தில் பல வண்டிகள் வாங்கியிருக்கலாம். தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் இது புதிதல்ல. நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் என்று இதன் வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்ய 2003-இல் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கோயம்பேட்டிலோ கொத்தவால் சாவடியிலோ வியாபாரம் செய்தவர்களுக்கு அந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை.

1969-இல் வங்கிகள் நாட்டுடைமை ஆனபின் ஏழைகளுக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை இருந்தது. சேவா தன் உறுப்பினர்களை வங்கிகளுக்கு அழைத்துச் சென்றது. கட்டளை இருந்தது, கவுன்டரில் மனசு இல்லை. வேலை முடிந்த கையோடு, வியர்த்த புடவையோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்து ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் வங்கி திறந்திருக்கும் நேரமும் பொருந்தவில்லை. படிவத்தை நிரப்பத் தெரியவில்லை.

1973 டிசம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் பழந்துணி விற்கும் ஒரு பெண், நமக்கே ஒரு வங்கி இருந்தால் என்ன என்று கேட்டார். நம்மிடம் பணமில்லையே என்ற பதிலுக்கு, நாம் ஏழைகள்தான், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் என்று மறுமொழி வந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2006-இல், இளா பட் தன் ஆங்கில நூலுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டது இந்த மறுமொழியைத்தான். சேவா உறுப்பினர்கள் நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப்பணம் போட்டார்கள். அன்றைக்குக் கூடைக்காரிக்குப் பத்து ரூபாய் சின்னத் தொகை இல்லை.

கூட்டுறவுப் பதிவாளருக்குத் தயக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள், கையெழுத்து எப்படிப் போடுவார்கள்? பதிவுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்த பெண்கள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் பதிவாளர் முன்னால் தடுமாறாமல் எழுதிக் கொடுத்தார்கள். 1974 மே மாதம் ஸ்ரீ மகிளா சேவா கூட்டுறவு வங்கி பதிவானது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் தன் கடன் முயற்சியைத் தொடங்கியது இதற்கு இரண்டு ஆண்டுகள் பிறகு. ஏழைப் பெண்களின் வங்கி என்றாலே அவருடைய கிராமீன் வங்கியின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்ட நாம் இந்த வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் எழுதக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் வங்கி தன் வழக்கத்தை மாற்றியது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி பெண்ணைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டினார்கள். கையெழுத்தின் இடத்தை முகம் எடுத்துக்கொண்டது. சேமிப்பை வாங்க ஊழியர்கள் சந்தைக்கும் வீட்டுக்கும் போனார்கள். வீட்டில் வைக்கப் பூட்டுப்போட்ட உண்டியல் கொடுத்து, சாவியை வங்கியில் வைத்துக்கொண்டார்கள். குடிக்கவோ சூதாடவோ கணவன் கேட்டால், திறக்க முடியாது, சாவி என்னிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். வங்கியியல் பாடப்புத்தகம் எதிலும் இல்லாத இந்த ஏற்பாடு, பெண்களின் குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களால் மட்டுமே யோசிக்கக்கூடியது. 1976 முதல் வங்கி தன் சொந்த நிதியிலிருந்தே கடன் கொடுக்கத் தொடங்கியது.

கடன் கொடுத்தபோது இன்னொரு உண்மை முகத்தில் அறைந்தது. தவணை கட்டாதவர்களைத் தேடி வீடு வீடாகச் சென்றார்கள். ஏமாற்றியிருப்பார்கள் என்ற சந்தேகத்தோடு போனவர்கள் பல வீடுகளில் கண்டது சாவு. சிலர் நோயில் போயிருந்தார்கள், சிலர் பிரசவத்தில். வங்கியின் வராக்கடன் பட்டியல் என்று நினைத்தது உண்மையில் ஒரு மரணப் பதிவேடாக இருந்தது. அதன் பிறகுதான் பேறுகால உதவித் திட்டம் வந்தது. குழந்தைக் காப்பகங்கள் வந்தன. 1992-இல் நோய், மரணம், சொத்திழப்பு ஆகியவற்றுக்குச் சேர்த்துக் காப்பீடு வந்தது. தனியாகத் தொழில் செய்பவருக்கு எது துணை என்பதை முன்கூட்டித் திட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போனவர்கள் அதன் பின்னால் ஒளிந்திருந்த அடுத்ததைக் கண்டு, அதற்கும் வழி தேடினார்கள். இந்த வரலாற்றில் மனதை அதிகம் தொடுவது இந்தப் பகுதிதான்.

வீட்டுக்குள் இருந்து தைப்பவர்களை ஒன்று சேர்ப்பது தெருவில் இருப்பவர்களைச் சேர்ப்பதைவிடக் கடினம். அகமதாபாத்தின் பழைய நகரப் பகுதிகளில் ஆலைக் கழிவுத் துண்டுத்துணிகளைச் சேர்த்து மெத்தை உறை தைத்த முஸ்லிம் பெண்கள் 1970-களின் இறுதியில் கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் துண்டுத்துணி தருவதையே நிறுத்தினார்கள். தொழிற்சங்கம் மட்டும் கையில் இருந்தால் அத்தோடு பிழைப்பு முடிந்திருக்கும். பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, துண்டுத்துணியை ஆலையிலிருந்தே நேரடியாக வாங்கித் தைத்து, தாங்களே விற்கத் தொடங்கினார்கள்.

தெருவில் போராட்டம் வேறு விதம். மானெக் சௌக் அகமதாபாத்தின் நடுநெஞ்சு. சுல்தான் அகமது ஷாவின் கல்லறைக்கும் அவர் அரசிகளின் கல்லறைக்கும் அருகில், நகைக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடிக்கும் இடம். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அங்கே காய்கறி விற்றார்கள். பாட்டி உட்கார்ந்த இடத்தில் அம்மா, அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள். ஆனாலும் போலீசுக்கும் மாநகராட்சிக்கும் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். தினம் அபராதம், தினம் மாமூல். 1980-இல் போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி அவர்களை உட்காரவே விடாமல் விரட்டினார்கள். பெண்கள் சத்தியாகிரகமாக வந்து தங்கள் பழைய இடங்களிலேயே கூடையை வைத்தார்கள். போக்குவரத்தைச் சங்கத்தினரே ஒழுங்குபடுத்தினார்கள். இரண்டு கூடை வைக்க இடம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-இல் அவர்களுக்கு உரிமம் கொடுக்க வழி பிறந்தது.

கூடியிருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 1981-இல் மருத்துவக் கல்லூரி இடஒதுக்கீட்டை எதிர்த்து அகமதாபாத்தில் கலவரம் மூண்டது. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. சேவா உறுப்பினர்களில் பலர் தலித் பெண்கள். இளா பட் வெளிப்படையாக இடஒதுக்கீட்டின் பக்கம் நின்றார். தாய்ச்சங்கமான நெசவாலைத் தொழிலாளர் சங்கம் மௌனம் காத்தது. அந்த ஆண்டு மே மாதம் சேவாவைத் தாய்ச்சங்கம் வெளியேற்றியது. நெசவாலைச் சங்கத்தின் நிழலில் வளர்ந்த அமைப்புக்கு அது பெரிய அடி. ஆனால் மௌனம் காத்திருந்தால், சங்கத்தின் முதல் உறுப்பினர்களிடமே எந்த முகத்தோடு சந்தா கேட்டிருக்க முடியும்? தொழில் துணை என்பது சரக்கு நன்றாக விற்கும் நாட்களுக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் அதற்குப் பெயர் சங்கம் இல்லை.

சென்னைக் கதை வேறொரு வாசலில் தொடங்குகிறது. ஜெயா அருணாசலம் காங்கிரஸ் கட்சியில் பணியாற்றியவர். 1970-களின் பிற்பகுதியில் வெள்ள நிவாரணப் பணிக்காகச் சென்னைக் குடிசைப் பகுதிகளுக்குச் சென்றார். அங்கே பெண்கள் கேட்டது அரிசி மட்டுமல்ல. இட்லிக் கடை வைத்தவர்களும் பூக்கட்டி விற்றவர்களும் மீன் விற்றவர்களும், வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் தொழிலுக்கு முதல் இல்லாமல் தினமும் வட்டிக்காரரிடம் சிக்கியிருந்தார்கள். நிவாரணம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், வட்டி தீராது. கட்சி அரசியலிலிருந்து விலகி, 1978-இல் 800 பெண்களோடு உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்.

ஒரே பகுதியில் வசிக்கும் பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழு. அவர்களுக்குள் ஒருவர் தலைவி. ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. யார் நிஜமாகவே வியாபாரம் செய்கிறார், யாருக்கு எவ்வளவு தேவை, யார் திருப்பிக் கட்டுவார் என்று குழுவுக்குத் தெரிந்த அளவு எந்த வங்கி மேலாளருக்கும் தெரியாது. தொடக்கத்தில் நாட்டுடைமை வங்கிகளிலிருந்து நாலு சதவீத வட்டித் திட்டத்தில் கடன் பெற்றுத் தந்தார்கள். இங்கும் அகமதாபாத்தில் நடந்ததே நடந்தது: படிவம், நேரம், ஊழியர்களின் அலட்சியம். 1981-இல் பெண்கள் தங்கள் சொந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு அமைப்பு அதிராம்பட்டினத்து மீனவப் பெண்களிடமும், ஆந்திரத்தின் நரசாப்பூர் சரிகைப் பின்னல் பெண்களிடமும், வேலூர்ப் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களிடமும் சென்றது.

ஜெயா அருணாசலம் விதித்த நிபந்தனைகளில் முக்கியமானது, குழுவுக்குள் சாதியும் மதமும் நுழையக் கூடாது என்பது. சாதி மறுப்புத் திருமணங்களை அமைப்பே முன்னின்று நடத்தியது. சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவர் ஒருவர் வீட்டில் இன்னொருவர் தண்ணீர் குடிக்க முடியாதென்றால், கடனுக்கு எப்படிப் பொறுப்பேற்பார்கள்? களப்பணியாளர்களையும் வெளியிலிருந்து பட்டதாரிகளைக் கொண்டுவந்து நியமிக்காமல், உறுப்பினர்களிலிருந்தே எடுத்தார்கள். நேற்று கடன் வாங்கிய பூக்காரி இன்று பக்கத்துத் தெருவில் குழு அமைத்தார். 1987-இல் ஜெயா அருணாசலத்துக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1997-இல் வந்த மகளிர் திட்டமும் குழு முறையைத் தமிழ்நாட்டின் கிராமங்கள் வரை கொண்டு சென்றன. ‘குழுவில் இருக்கேன்’ என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்ற நிலை வந்தது. அதே வேளையில் தனியார் நுண்கடன் நிறுவனங்களும் குழு முறையை எடுத்துக்கொண்டன. ஆனால் அவர்கள் எடுத்தது பொறுப்பேற்பை மட்டும். ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவள் ஏன் கட்டவில்லை, நோயா, சரக்கு அழுகிவிட்டதா, போலீஸ் கூடையைத் தூக்கிச் சென்றதா என்று கேட்க அங்கே ஆளில்லை. ஒருவர்மேல் பல நிறுவனங்கள் கடனை ஏற்றின. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தற்கொலைகள் நடந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அது முற்றியது.

தவணை தவறிய வீட்டுக்கு 1970-களில் அகமதாபாத்தில் சென்றவர்கள் பேறுகால உதவித் திட்டத்தோடு திரும்பினார்கள். 2010-இல் அதே காரணத்துக்காக வாசலில் நின்றவர்கள் தோழியையே துரத்தினார்கள். இரண்டு இடத்திலும் பெண்கள் குழுவாகத்தான் இருந்தார்கள். ஓரிடத்தில் குழு அந்தப் பெண்களுடையது, மற்றதில் குழு கடன்கொடுத்தவருடையது.

சேவாவில் அது உறுப்பினர்களுடையதாகவே இருந்ததற்கு ஓர் அமைப்புக் காரணம் உண்டு. ஆண்டுச் சந்தா நீண்ட காலம் ஐந்து ரூபாய்தான். ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்த உறுப்பினர்களும் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். எந்தத் தொழிலில் எவ்வளவு உறுப்பினர் இருக்கிறார்களோ அந்த விகிதத்தில் செயற்குழுவில் இடம். கட்ச்சின் ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் பெண்களும் பனாஸ்காண்டாவின் எம்பிராய்டரிப் பெண்களும் சங்கத்தில் சேர்ந்தபோது, அவர்களுடைய பிரச்சினைகளும் கூடவே உள்ளே வந்தன. உப்பளத்துப் பெண்ணின் கவலையைக் காய்கறிக்காரி ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் இளா பட் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார், அமைப்பு தொடர்ந்தது. 2022 நவம்பர் 2-ஆம் தேதி அவர் காலமானபோது உறுப்பினர் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது.

தெரு வியாபாரத்துக்குச் சட்டம் வர இன்னும் நாளானது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் வரும் என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில், இளா பட் தலைமையிலான தேசிய ஆணையம் சுயதொழில் பெண்களைப் பற்றிய ‘ஷ்ரம்சக்தி’ அறிக்கையை அரசிடம் கொடுத்திருந்தது. 1998-இல் தெரு வியாபாரிகளின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. 2014-இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைய வேண்டும். யாருக்கு எந்த இடம், எந்தத் தெருவில் வியாபாரம் செய்யலாம் என்பதெல்லாம் அந்தக் குழுவின் வழியாகவே முடிவாக வேண்டும். குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாநகராட்சி ஆணையரும் காவல்துறை அதிகாரியும் உட்காரும் மேசையில் கீரை விற்கும் பெண்ணுக்கும் வாக்குண்டு. அந்த இடத்தை அவருக்குச் சக வியாபாரிகள் தேர்தல் வைத்துத் தர வேண்டும். அந்தத் தேர்தலை நடத்தும்படி ஒவ்வொரு ஊரிலும் மாநகராட்சியை நெருக்குவதுதான் இப்போது வியாபாரிகள் சங்கங்களின் முதல் வேலை.